மாசிலாமணியின் இடது கால்

ஜன்னலைச் சாத்த வேண்டாம், தம்பி. திறந்தே இருக்கட்டும். பியானோப் பெட்டியையும் அங்கிருந்து நகர்த்தாதே. வெளிச்சம் முதுகுப் பக்கம் விழுகிறது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை என்கிறாய். விளக்கை நான் பிடிக்கிறேன். ஆனால் பெட்டி இருந்த இடத்தில்தான் இருக்க வேண்டும். மில் மேனேஜர் பங்களாவில் இது எப்படி இருந்ததோ அப்படியே அளந்து வைத்திருக்கிறேன். வாசிக்க உட்காருகிறவனின் முதுகு ஜன்னலுக்கு. ஜன்னலுக்கு வெளியே பாதை. அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது.

நான்கு மணிக்கு அவள் வருகிறாள். சலோமி. அதற்குள் முடித்துவிடுவாய் அல்லவா? சரி. நீ கையை ஓட்டு, நான் வாயை ஓட்டுகிறேன். எழுபத்தொன்பது வயதில் எனக்கு மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

சிரிக்கிறாய். இந்த ஆள் ஏன் புத்தகம் மாதிரிப் பேசுகிறார் என்றுதானே? பாளையங்கோட்டையில் கோயில் கோயிலாகப் போய் ஆர்மோனியம் பழுது பார்க்கிறவன் நீ, பாதிரிமார் இப்படிப் பேசிக் கேட்டிருப்பாய். மில் தொழிலாளி பேசிக் கேட்டிருக்க மாட்டாய். எனக்குப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. மிச்சத்தைத் துண்டறிக்கையில் படித்தேன். பிறகு நானே துண்டறிக்கை எழுதினேன். இந்த ஊரில் முப்பது வருடம் சுவரில் ஒட்டிய, கேட் வாசலில் கொடுத்த ஒவ்வொரு நோட்டீசும் என் கை. கீழே 'கொம்பன்' என்று போட்டிருக்கும். கொம்பையா அப்பன் வைத்த பெயர். கொம்பன் நான் வைத்துக்கொண்டது.

இது எப்படித் தொழிற்சங்க ஆபீசுக்கு வந்தது என்று கேட்டாய். மில்லை மூடிய பிறகு பங்களாவைக் காலி செய்தார்கள். நாற்காலி, கட்டில், கண்ணாடி எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. இதை மட்டும் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். எட்டுப் பேர் சேர்ந்து மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே இறக்கிவிட்டு, "முதலாளி வாத்தியம், சங்கத்துலயே கெடக்கட்டும் தோழர்" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். கிடந்தது. அதன் மேல் பழைய நோட்டீஸ் கட்டும் கொடிக் கம்பும் வைத்திருந்தோம்.

மேனேஜர் வெள்ளைக்காரன் இல்லை. வெள்ளைக்காரன் இதை விட்டுவிட்டுக் கப்பல் ஏறிவிட்டான். பிறகு வந்தவன் நம் நாட்டான்தான், ஆனாலும் துரை என்றுதான் கூப்பிட வேண்டும். தினம் சாயங்காலம் பங்களாவிலிருந்து பியானோ கேட்கும். தொழிலாளர் லைன் வீடுகள் வரை கேட்கும். பத்து விரலுக்கு இருபது விரல் மாதிரி. என்ன கையடா இது என்று நாங்கள் நின்று கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு அதற்காகவும் அவனை வெறுத்திருக்கிறோம். நான் ஒரு நோட்டீஸ் எழுதினேன். 'உன் விரல் பஞ்சில் தேய்கிறது, அவன் விரல் பியானோவில் விளையாடுகிறது.' பெண்கள் பகுதியில் அதைப் படித்துக்காட்டியபோது அழுதார்கள்.

அவன் ஒரு நாளும் வாசித்ததில்லை, தம்பி. கறையானுக்கு மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டுமென்று மூடியைத் திறந்தபோதுதான் பார்த்தேன். உள்ளே காகிதச் சுருள். காகிதம் முழுக்க ஓட்டை. கீழே இரண்டு மிதி, தையல் மிஷின் மாதிரி. மிதித்தால் காற்றை உறிஞ்சும். ஓட்டை வந்த இடத்தில் காற்று போகும், கட்டை தானாக இறங்கும். எனக்கு அது உடனே புரிந்துவிட்டது. ஸ்டென்சில் வெட்டியவன் அல்லவா நான்? ஓட்டை இருந்தால் மை இறங்கும், இல்லாவிட்டால் வெள்ளை. அதே சூத்திரம். இத்தனை வருடம் அவன் கையை மதித்திருக்கிறேனே என்று அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை.

அந்தச் சுருளைச் சுற்றிவிடாதே. முதலுக்குக் கொண்டுபோகாதே. நின்ற இடத்திலிருந்தே ஓட வேண்டும். அது அன்றைக்கு நின்றது. அதற்குப் பிறகு யாரும் ஓட்டவில்லை.

சொல்கிறேன். வேலைநிறுத்தத்தின் நாற்பத்தோராவது நாள். ஆற்று மணலில் கூட்டம் போட்டோம். பேசினேன். நன்றாகவே பேசினேன். பிறகு இருநூறு பேர் பங்களாவுக்கு நடந்தோம், மனுக் கொடுக்க. மனு என் கையில்தான் இருந்தது. பகல் மூன்று மணி. வெயில். கேட்டை நெருங்கும்போது உள்ளே பியானோ கேட்கிறது.

நினைத்துப் பார். நாற்பத்தோரு நாள். லைன் வீட்டில் பிள்ளைகள் புளியங்கொட்டையை வறுத்துத் தின்கிறார்கள். உள்ளே பாட்டு. பின்னால் நின்றவன் ஒருவன், "எளவெடுத்தவன் கச்சேரி நடத்துதான் பாரு" என்றான். நான் எல்லோரையும் நிறுத்தினேன். நான் கலகக்காரன் இல்லை, ஒழுங்கு தெரிந்தவன். கேட்டில் நின்று மூன்று முறை கூப்பிட்டேன். வெளியே வா, தொழிலாளர்கள் வந்திருக்கிறோம், பேசு என்று. மூன்று முறை. விரலை மடக்கி எண்ணிக் கூப்பிட்டேன். இருநூறு பேர் சாட்சி. பாட்டு நிற்கவில்லை. இதைக் குறித்துக்கொள், தம்பி. அவகாசம் கொடுக்கப்பட்டது. பதில் இல்லை.

பிறகு ஒரு கல் போனது. யாருடைய கல் என்று யாருக்கும் தெரியாது. இருநூறு பேர். ஒரு கல் போனால் நூறு கல் போகும், அது கூட்டத்தின் இயல்பு. ஜன்னல் கண்ணாடி போனது. பாட்டு இழுத்து இழுத்து நின்றது. அரை மணியில் போலீஸ் வந்தது. சுட்டார்கள். பூதப்பாண்டி, காதர் மைதீன். இரண்டு பேர். மில் வாசலில் நினைவுக் கல் நட்டோம், இரண்டு பெயரோடு. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் நான்தான் மாலை போடுகிறேன்.

உள்ளே இருந்தது மாசிலாமணி. இந்தக் கட்டைகளின் மேல் தலை சாய்ந்து கிடந்தான்.

அவனைப் பற்றிச் சொல்லாவிட்டால் உனக்குப் புரியாது. மாசிலாமணி என் கூட்டாளி. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம், ஒரே செட்டு. ஓடுகிற பெல்ட்டில் அவன் வலது கால் மாட்டியது. கால் போகவில்லை, ஆனால் முழங்காலுக்குக் கீழே வாழைத்தண்டு காய்ந்த மாதிரி ஆகிவிட்டது. தரையில் ஊன்ற மாட்டான். இழுத்துக்கொண்டு போவான். நிர்வாகம் வீட்டுக்கு அனுப்பப் பார்த்தது. நான் விடவில்லை. பதினோரு நோட்டீஸ் எழுதினேன். கடைசியில் பங்களாவில் காவல் வேலை கொடுத்தார்கள். கொடுத்தது நிர்வாகம், வாங்கியது நான். வேலைநிறுத்தம் வந்தபோது அவன் என்ன செய்தான் தெரியுமா? பங்களாவுக்கு வேலைக்குப் போனான். வழியில் மறித்தேன்.

"கொம்பையா, வீட்ல நாலு வயசுப் பிள்ளை. இந்தக் காலை வச்சுக்கிட்டு இந்த வேலைய விட்டா எவன் தருவான்? நீ தருவியா?" என்றான்.

அதற்குப் பிறகு நாற்பத்தோராவது நாள் வரை அவனோடு நான் பேசவில்லை. அவன் செத்த மறுநாள் நோட்டீசில் எழுதினேன்: 'மேனேஜருக்குக் கேடயமாக நின்ற கைக்கூலி.' நல்ல வாசகம். இரண்டாயிரம் பிரதி. ஒன்று அவன் வீட்டுக் கதவிலும் ஒட்டப்பட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். அதை நான் சொல்லிச் செய்யவில்லை.

அந்த நாலு வயசுப் பிள்ளைதான் சலோமி. இப்போது ஐம்பது வயது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். பதினான்கு மாதத்துக்கு முன்னால் இந்த வாசலில் வந்து நின்றாள். சாலையை அகலப்படுத்துகிறார்கள், நினைவுக் கல்லைப் பெயர்த்து வேறு இடத்தில் புதிதாக வெட்டி நடப்போகிறார்கள். பழைய போராட்டக் குழுவில் ஏழு பேர். ஆறு பேர் போய்விட்டார்கள். என் கையெழுத்து இல்லாமல் அந்தக் கல்லில் ஒரு எழுத்து ஏறாது.

"பெரியப்பா, எங்க அப்பா பேரையும் போடச் சொல்லுங்க" என்றாள்.

"போராட்டத்தில் குண்டடிபட்டவர்கள் பெயர்தான் போடப்படும், அம்மா" என்றேன்.

"அவிய கல்லடிபட்டுச் செத்தாவ. அதே நாள், அதே எடம். யாரு கல்லுன்னு கேக்க நான் வரல. பேரு மட்டும் போதும்."

"மேனேஜர் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தான். உன் தகப்பன் பக்கத்தில் நின்றான். நிர்வாகத்தின் ஆளாக நின்றான். வரலாற்றை மாற்ற முடியாது."

"பெரியப்பா, எங்கிட்டயும் நோட்டீஸ் வாசிக்காதீய. தொர பதினோரு மணிக்கே வாய்க்கா ரோட்டு வழியா ஜீப்புல போயாச்சு. உள்ள இருந்தது எங்க அப்பா மட்டுந்தான். அவியதான் மிதிச்சுக்கிட்டு இருந்தாவ. எங்க அம்மை சாவுற வரைக்கும் சொன்னா. 'ஒருநா தொர இல்லாத நேரம் அதை மிதிச்சுப் பாக்கணும் பிள்ளை'ன்னு அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாவளாம்."

"போராட்ட நேரத்தில் ஒரு தொழிலாளி தனியாக உட்கார்ந்து பாட்டுக் கேட்டானா? எதற்கு?"

"எதுக்கா? கேக்கணும்னு இருந்திருக்கும்."

இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை, தம்பி. தொழிலாளி என்றால் வேலை செய்வான். இல்லாவிட்டால் போராடுவான். களைத்தால் தூங்குவான். ஊர் பற்றி எரியும்போது, ஆளில்லாத வீட்டில் சும்மா உட்கார்ந்து இங்கிலீஷ் பாட்டுக் கேட்டான் என்றால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நான் படித்த எதிலும் அப்படி ஒரு தொழிலாளி இல்லை.

ஆனால் அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை. தர்க்கத்தைச் சொன்னேன். மூடியைத் திறந்து காட்டினேன். இதோ பார், இரண்டு மிதி. இடது, வலது. மாறி மாறி மிதிக்க வேண்டும். உன் தகப்பனுக்கு ஊன்ற ஒரு கால்தான். ஒற்றைக் காலால் இது ஓடாது. ஆகவே மிதித்தவன் மேனேஜர். முடிந்தது.

அவள் குனிந்து இரண்டு மிதியையும் பார்த்தாள். பிறகு, "ஓட்டிக் காட்டுங்க" என்றாள். "ஒத்தக் காலால ஓடலன்னா நான் இனிமே இந்த வாசல் மிதிக்க மாட்டேன். ஓடிச்சுன்னா பேரு போடணும். சரியா?"

சரி என்றேன். கொம்பன் சரி என்றால் சரி.

பதினான்கு மாதம்! நீ பாதியில்தான் வந்தாய். அதற்கு முன்னால் நானே எல்லாவற்றையும் தேடினேன். உள்ளே எண்பத்தெட்டு ரப்பர் குழாய். தொட்டால் பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கின. முதலில் சைக்கிள் வால்டியூப் வாங்கினேன். துவாரம் பத்தவில்லை. மீன் தொட்டிக் குழாய் வாங்கினேன். பித்தளை முனையில் ஏறவில்லை, ஏறியது நிற்கவில்லை. காலேஜ் ஆய்வுக்கூடத்துக் குழாய் பெரிது. கடைசியில் மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் கையுறை செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையைக் கண்டுபிடித்தேன். அளவு கொடுத்தால் இழுத்துத் தருகிறேன், இரண்டு நாள் ஆகும் என்றான் முதலாளி. இரண்டு நாள் நான் எங்கே போவேன்? அங்கேயே இருந்தேன். வேலை செய்கிற பெண்களிடம் வைப்புநிதி பிடிக்கிறார்களா, ரசீது தருகிறார்களா என்று கேட்டேன். தரவில்லை. ஒரு தாள் எடுத்து எழுதிக் கொடுத்தேன். பெரிதாக ஒன்றுமில்லை, பத்து வரி. மறுநாள் முதலாளி என் குழாயைச் சுருட்டி ரோட்டில் எறிந்து, "ஓய், குழாயும் வேண்டாம் நீரும் வேண்டாம், போயிரும்!" என்றான். பணம்கூட வாங்கவில்லை. பொறுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அளவு சரியாக இருந்தது.

காற்றை அடைக்கிற தோல் திண்டுக்கல்லில் கிடைத்தது. எண்பத்தெட்டு வட்டம், ஒவ்வொன்றும் பழைய நாலணா அளவு. நானே வெட்டினேன். நீ பார்த்துவிட்டு, "யாரு வெட்டுனது? நல்ல கை" என்றாய். உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், சொல்லவில்லை.

சுருளை ஓட்டுகிற சங்கிலிதான் பாடாய்ப் படுத்தியது. விரல் அகலம்கூட இல்லாத சங்கிலி, யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். சைக்கிள் சங்கிலியெல்லாம் யானைக்குக் கட்டுவது மாதிரி இருந்தது. மலை மேல் ஒரு கன்னியர் மடத்தில் இதே மாதிரிப் பெட்டி ஒன்று செத்துக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். கடவுள் இல்லை என்று முப்பது வருடம் எழுதிய நான், சிலுவை வைத்த வாசலில் செருப்பைக் கழற்றினேன். வயதான கன்னியாஸ்திரீ ஒருத்தி சங்கிலியைக் கழற்றித் துணியில் சுற்றிக் கொடுத்தார். "யாருக்கு வேணும், ஐயா?" என்றார். சங்கத்துக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "என் கூட்டாளிக்கு" என்று வந்தது. ஏன் அப்படி வந்தது என்று தெரியவில்லை. மலையிறங்கும் வரை அந்தத் துணிப் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தேன். வளைவுப் பாதை, வேறொன்றுமில்லை.

சுருள் காகிதம், காற்றுத் துவாரங்கள் உள்ள பித்தளைப் பட்டையின் மேல் நாற்பத்தாறு வருடம் ஒரே இடத்தில் நின்று, அந்த இடத்தில் மட்டும் கிழிந்திருந்தது. பழைய ஸ்டென்சில் தாள் ஒட்டி, ஸ்டென்சில் பேனாவாலேயே ஓட்டைகளை மறுபடி வெட்டினேன். லென்ஸ் வைத்துப் பார்த்து, பக்கத்து வரியைப் பார்த்துக் கணக்குப் போட்டு. பதினொரு நாள். அந்த இடத்தில் காகிதம் பழுப்பாக இருக்கிறது பார். துருவாக இருக்கலாம்.

இந்தக் கட்டை ஒன்று எப்போதும் இறங்கியே கிடக்கிறது என்று நீ முதல் நாள் கேட்டாய். நான் தூக்கிவிடுவேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் இறங்கியிருக்கும். மழை ஈரத்தில் மரம் வீங்கும், அவ்வளவுதான். நான் பேய் பிசாசு நம்பாதவன். தூக்கிவிட்டு, பூட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டுதான் போவேன். காலையில் வரும்போது பார்க்காமலே ஜன்னலைத் திறக்கப் போவேன். பிறகு பார்ப்பேன். சரி, அதை விடு.

மிதி ஸ்பிரிங் விஷயத்தில் நீ என்மேல் கோபப்பட்டது நியாயம் இல்லை. லாரிப் பட்டறையில் சொல்லி ஒரு நல்ல கெட்டி ஸ்பிரிங் செய்துகொண்டு வந்தேன். பழைய ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அந்தக் காலத்தில் கெட்டியாகத்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம். நீ அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதைப் போட்டா யானைதான் மிதிக்கணும். உள்ள இருக்கது நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு இது ஓடணுமா, ஓடக் கூடாதா?" என்றாய். அது மரியாதையான கேள்வி இல்லை. ஆனாலும் நான் பொறுத்துக்கொண்டேன். பழைய ஸ்பிரிங்கே இருக்கட்டும். உண்மைக்கு ஸ்பிரிங் தேவையில்லை.

முடிந்ததா? மணி என்ன, மூன்றரையா? நல்லது. அவள் வருமுன் ஒரு தடவை பார்த்துவிடுவோம். நீ உட்காராதே. நான் உட்காருகிறேன். உடம்பு பாரம் அவனும் நானும் ஒன்று. ஒரே வேட்டியை இரண்டு பேரும் கட்டியிருக்கிறோம்.

முதலில் இரண்டு காலும். ஆ... ஓடுகிறது. ஓடுகிறது, தம்பி! பார், கட்டையைப் பார், தானாக இறங்குகிறது. யாரோ உட்கார்ந்து... வேண்டாம். சரி. நிறுத்துகிறேன்.

இப்போது வலது காலை மடக்கிக்கொள்கிறேன். ஸ்டூலுக்கு அடியில். இப்படித்தான் அவன் உட்காருவான், டீக்கடை பெஞ்சியிலும் இப்படித்தான். இடது கால் மட்டும். பார்த்துக்கொள். ஓடாது.

...

இல்லை. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் ஓடட்டும்.

...

யார்? யார் தோளில்... நீயா. என்ன? கூப்பிட்டாயா? எப்போது? எனக்குக் கேட்கவில்லையே. எத்தனை தடவை கூப்பிட்டாய்? எங்கே நின்று கூப்பிட்டாய்? இங்கேயா, இந்த முதுகுக்குப் பின்னாலா? மூன்றடி இருக்குமா? மூன்றடியில் நின்று நீ கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை.

அன்றைக்குக் கேட் நாற்பதடி, தம்பி. ஜன்னல் சாத்தியிருந்தது.

இரு. எனக்கு மூச்சு வாங்குகிறது. ஒன்று சொல்ல வேண்டும். இதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உன் காதால் கேட்டாய் அல்லவா, ஒற்றைக் காலில் அது எப்படி ஓடியது என்று? ஓங்கி, அடங்கி, ஓங்கி, அடங்கி. நொண்டிக்கொண்டு வந்தது. துரை வாசிக்கும்போது ஒரு நாளும் அப்படி இருந்ததில்லை. தண்ணீர் ஓடுகிற மாதிரி இருக்கும். அன்றைக்கு மட்டும் நொண்டியது. எல்லோருக்கும் கேட்டது. "என்ன தோழர், பாட்டு ஒரு மாதிரி இருக்கு?" என்று பூதப்பாண்டியே கேட்டான். நான் சொன்னேன்: "குடித்திருக்கிறான். நாம் பட்டினி கிடக்கிறோம், அவன் குடித்துவிட்டு வாசிக்கிறான்." அதைச் சொன்ன பிறகுதான் கூட்டம் கொதித்தது.

அந்த நடை எனக்குத் தெரியும். பதினைந்து வருடம் அந்த நடைக்குப் பக்கத்தில் நடந்திருக்கிறேன். பின்னாலிருந்து வந்தாலும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன், மாசிலாமணி வருகிறான் என்று. தெரிந்ததா, தெரியவில்லையா என்று நீ கேட்காதே. நானே கேட்டுக் கேட்டுத் தேய்ந்துவிட்டேன்.

தம்பி, ஒரு காரியம் செய். துருத்திக்குப் போகிற அந்தப் பெரிய குழாய் இருக்கிறதே, அதைப் பிடுங்கிவிடு. வேலை இன்னும் முடியவில்லை என்று சொல்வோம். ஒரு மாதம். ஒரு மாதம் கழித்து வரச் சொல்வோம். நான் எழுதியதெல்லாம் அந்த அலமாரியில் இருக்கிறது, முப்பது வருடம். அந்த ஒரு நோட்டீஸ் பொய் என்றால் மற்றதை யார் நம்புவான்? பிடுங்கு. ஏன் நிற்கிறாய்? எங்கே பார்க்கிறாய்?

ஜன்னலிலா?

எவ்வளவு நேரமாக நிற்கிறாள்?

நான் திரும்பவில்லை. அவளை உள்ளே வரச் சொல்.

வா, அம்மா. கேட்டுவிட்டாய் அல்லவா? பெயர் கல்லில் ஏறும். மாசிலாமணி என்று முழுப் பெயராக. பூதப்பாண்டிக்கும் காதருக்கும் நடுவில் போடச் சொல்கிறேன். கையெழுத்து இப்போதே போடுகிறேன். அந்த நோட்டீசைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக இன்னொரு நோட்டீஸ், நானே எழுதி...

நோட்டீஸ் வேண்டாம் என்கிறாய். சரி.

யாரு கல்லுன்னு கேக்க வரலன்னு அன்னைக்குச் சொன்ன. இப்பவும் கேக்காத. நான் சொல்லுதேன். முகத்தைப் பாத்தா வராது, இப்பிடியே உக்காந்து சொல்லுதேன் பிள்ளை. அது ஆத்துக் கல்லு. கூட்டம் முடிஞ்சு கிளம்பும்போதே எடுத்து மடியில கட்டிக்கிட்டேன். ஒரு கையில மனு, மடியில கல்லு. மூணு வாட்டி கூப்பிடும்போதும் மடியிலதான் இருந்துச்சு. வெளிய எடுக்கும்போது ஈரம் காயல. கை வழுக்கிட்டுன்னு இத்தன வருசமா எனக்கு நானே சொல்லிச் சொல்லிப் பாத்தேன்.

வழுக்கல.